சளி வைரஸ் காட்டிக்கொடுத்த இடைச்செருகல்

கேள்வி இது: “1993-ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு ‘பிளவுபட்ட மரபணுக்களை’க் கண்டுபிடித்ததற்காக பிலிப் ஷார்ப்புக்கும் ரிச்சர்ட் ராபர்ட்ஸுக்கும் வழங்கப்பட்டது என்று பாடப்புத்தகத்தில் ஒரு வரி இருக்கிறது. ஆனால் அவர்கள் ஆராய்ந்தது சளி பிடிக்கவைக்கும் ஒரு வைரஸை. அதில் பார்த்தது நம்முடைய மரபணுவுக்கு எப்படிப் பொருந்தும்? தற்செயலாகக் கிடைத்த கண்டுபிடிப்பா?”

குயிலில் இருந்து தொடங்குகிறேன். குயில் கூடு கட்டாது. காக்கைக் கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். காக்கை அதை அடைகாக்க வேண்டுமென்றால், அந்த முட்டை காக்கையின் கண்ணுக்கு முட்டையாகத் தெரிய வேண்டும். ஆகவே குயில் முட்டையை ஒருவர் பொறுமையாக ஆராய்ந்தால், காக்கை எதையெல்லாம் முட்டை என்று நம்புகிறது என்பதும் சேர்ந்தே தெரிந்துவிடும். வைரஸைக் கொண்டு நம் செல்லைப் படிப்பது இந்த வழிதான்.

ஷார்ப் ஆராய்ந்தது அடினோவைரஸ் 2 என்ற வகையை. அடினோவைரஸ் குடும்பம் நமக்குப் புதிதல்ல. குழந்தைகளுக்கு வரும் சளி, காய்ச்சல் பலவற்றுக்கு இந்தக் குடும்பம் காரணம். நம் ஊரில் ‘மெட்ராஸ் ஐ’ என்று கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு திரிய வைப்பதும் பெரும்பாலும் இதே குடும்பத்தின் வேறு சில உறுப்பினர்கள்தான். இந்த வைரஸின் டி.என்.ஏ. ஏறத்தாழ 36,000 எழுத்து (அதாவது வேதி அலகு) நீளம். தன் டி.என்.ஏ.வை நகலெடுக்கும் நொதி இதனிடம் உண்டு. ஆனால் மரபணுவில் இருந்து, புரதம் செய்வதற்கான குறிப்பைச் சுமக்கும் தூது ஆர்.என்.ஏ. தயாரிக்கும் வேலைக்கு, அதாவது படியெடுத்தலுக்கு, இது சொந்தக் கருவி எதையும் கொண்டு வருவதில்லை. நம் செல்லின் உட்கருவுக்குள் போய், நம் மரபணுக்களைப் படியெடுக்கும் அதே ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் நொதியைக் கொண்டு தன் வேலையை முடித்துக்கொள்கிறது. எனவே ‘இங்கே தொடங்கு’, ‘இங்கே நிறுத்து’ என்று அது எழுதி வைத்திருக்கும் குறிப்புகள் எல்லாம் நம் செல்லுக்குப் புரியும் மொழியிலேயே இருந்தாக வேண்டும்.

நேரடியாக மனித மரபணுவையே ஆராய்ந்திருக்கலாமே என்று தோன்றும். 1970-களின் நடுப்பகுதியில் அது ஏறக்குறைய நடக்காத காரியம். மனித மரபுத்தொகுதி 300 கோடி எழுத்துகள் கொண்டது. அதில் ஒரு மரபணுவை மட்டும் தனியே பிடித்து நிறுத்தும் நுட்பங்கள் அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்தன. அடினோவைரஸ் தொற்றிய செல்லிலோ நிலைமை தலைகீழ். தொற்றின் பிற்பகுதியில் செல்லின் சொந்தத் தூது ஆர்.என்.ஏ. உட்கருவுக்கு வெளியே உள்ள சைட்டோபிளாசத்துக்கு வருவது பெரிதும் அடைபட்டுப்போகும். வைரஸின் தூது மட்டுமே கொட்டிக் கிடக்கும். அதிலும் ‘ஹெக்ஸான்’ என்ற உறைப் புரதத்துக்கான தூது ஏராளம்.

ஷார்ப் 1944-இல் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். படிப்புச் செலவுக்காகச் சிறு வயதிலேயே மாடு வளர்த்தும் புகையிலை பயிரிட்டும் பணம் சேர்த்தவர். படித்தது வேதியியல். கலிஃபோர்னியாவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் நார்மன் டேவிட்சனிடம் இருந்தபோது, டி.என்.ஏ. இழைகளை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் விரித்துப் பார்த்து அளக்கும் கலையைக் கற்றுக்கொண்டார். 1971-இல் நியூயார்க் அருகே உள்ள கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்துக்குப் போனார். 1974-இல் சால்வடார் லூரியா மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் (எம்.ஐ.டி.) தொடங்கிய புற்றுநோய் ஆய்வு மையத்துக்கு வந்து சேர்ந்தார். அந்த மையம் இயங்கியது ஒரு பழைய சாக்லேட் தொழிற்சாலைக் கட்டடத்தில்.

சளி வைரஸுக்குப் புற்றுநோய் மையத்தில் என்ன வேலை? 1962-இல் ஜான் டிரென்டின் என்பவர், அடினோவைரஸில் ஒரு வகை வெள்ளெலிக் குட்டிகளில் கட்டிகளை உண்டாக்குகிறது என்று காட்டியிருந்தார். 1971-இல் அமெரிக்கா புற்றுநோய்க்கு எதிராகச் சட்டமே போட்டுப் பணத்தை ஒதுக்கியபோது, கட்டி உண்டாக்கும் வைரஸ்களை ஆராய்ந்தவர்களுக்கும் அதில் பங்கு கிடைத்தது. மனிதனுக்கு இந்த வைரஸ் புற்றுநோய் தருவதாக இன்றுவரை நிறுவப்படவில்லை. தேடிப்போனது ஒன்று, கிடைத்தது வேறு. அந்தப் பணம் வீணாயிற்று என்று மட்டும் யாராலும் சொல்ல முடியாது.

இடையில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கோல்ட் ஸ்பிரிங் ஹார்பரில் இருந்தபோது ஷார்ப்பும் பில் சக்டன், ஜோ சாம்புரூக் ஆகியோரும் 1973-இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில், டி.என்.ஏ. துண்டுகளை அகரோஸ் ஜெல்லில் ஓடவிட்டு எத்திடியம் புரோமைடு சாயத்தால் ஒளிர வைத்துப் பார்க்கும் முறையைப் பயன்படுத்தியிருந்தார்கள். உயிர்வேதியியல் ஆய்வகத்துக்குள் ஒரு முறையாவது நுழைந்த மாணவருக்கு அந்த ஆரஞ்சு நிறக் கோடுகள் மறக்காது. பிளவுபட்ட மரபணு என்றால் என்னவென்றே தெரியாதவர்கள்கூட இந்த முறையை அன்றாடம் கையாள்கிறார்கள். இதற்கு யாரும் பரிசு கொடுக்கவில்லை.

இனி புதிர். பாக்டீரியாவில் மரபணுவும் தூது ஆர்.என்.ஏ.வும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகும். நம் செல்களிலும் அப்படித்தான் இருக்கும் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் ஜேம்ஸ் டார்னெல் போன்ற உயிரியலாளர்கள் பல ஆண்டுகளாக ஒரு விசித்திரத்தைச் சுட்டிக்காட்டி வந்தார்கள். உட்கருவுக்குள் இருக்கும் ஆர்.என்.ஏ. மிக நீளமாக இருக்கிறது. வெளியே சைட்டோபிளாசத்துக்கு வருவது பல மடங்கு குட்டையாக இருக்கிறது. நீளமானதை வெட்டித்தான் குட்டையானது வருகிறது என்றால், ஒரு முனையையாவது வெட்டியிருக்க வேண்டும். நீளமான ஆர்.என்.ஏ.வின் முன்முனையில் ஒரு வேதித் தொப்பி இருக்கிறது; பின்முனையில் அடினின் எழுத்தே திரும்பத் திரும்ப வரும் வால் இருக்கிறது. வெளியே வந்த குட்டையான தூதிலும் அதே தொப்பி, அதே வால். தலையும் இருக்கிறது, வாலும் இருக்கிறது, உடம்பு மட்டும் சுருங்கிவிட்டது. நடுவில் வெட்டி ஒட்டலாம் என்று அன்று யாருக்கும் தோன்றவில்லை. இன்று பார்க்கும்போது இது வெளிப்படையாகத் தெரிகிறது என்றால், விடையைத் தெரிந்துகொண்டு பார்க்கிறோம் என்பதுதான் காரணம்.

(அந்தத் தொப்பியே ரியோ வைரஸ், பெரியம்மைத் தடுப்பூசிக்குப் பயன்பட்ட வாக்சினியா வைரஸ் ஆகியவற்றின் தூதை ஆராய்ந்தபோது 1975 வாக்கில் தெளிவானதுதான். ஆர்.என்.ஏ.வில் இருந்து டி.என்.ஏ. எழுதும் நொதி, 1970-இல் ஹோவார்ட் டெமினும் டேவிட் பால்டிமோரும் தனித்தனியே கண்டது, அதுவும் கட்டி வைரஸ்களில்தான். மூலக்கூறு உயிரியலின் பாதியை வைரஸ்கள்தான் எழுதிக்கொடுத்தன என்று சொல்வது கொஞ்சம் மிகை. பெரிய மிகை அல்ல.)

எம்.ஐ.டி.யில் ஷார்ப், சூசன் பெர்கெட், கிளேர் மூர் மூவரும் செய்த சோதனை எளிமையானது. ஹெக்ஸான் தூதை எடுத்து, அதன் மூலமான வைரஸ் டி.என்.ஏ.வோடு சேரவிடுவது. தூது தனக்கு இணையான இழையோடு ஒட்டிக்கொள்ளும். அந்த இடத்தில் மற்ற டி.என்.ஏ. இழை விலகி ஒரு கண்ணி போலத் தொங்கும். நுண்ணோக்கியில் படம் எடுத்து, கண்ணியின் நீளத்தை அளந்தால் மரபணு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரிந்துவிடும். நோக்கம் அவ்வளவுதான், ஒரு வரைபடம் போடுவது.

படத்தில் கண்ணி சரியாக விழுந்தது. ஆனால் இரண்டு முனையிலும் ஆர்.என்.ஏ. ஒட்டாமல் நூல்போல நீட்டிக்கொண்டிருந்தது. பின்முனையில் நீட்டியது புரிந்தது: அது அடினின் வால், அதற்கு இணை டி.என்.ஏ.வில் இல்லை. முன்முனையில் ஏன் நீட்ட வேண்டும்? அங்கே சுமார் 150 எழுத்து அளவுக்கு ஆர்.என்.ஏ. அந்தரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. சோதனை செய்பவர் எவரும் முதலில் தன் கையைத்தான் சந்தேகிப்பார். ஒட்டியது பிரிந்துவிட்டதோ, உப்பின் அளவு சரியில்லையோ என்று நிலைமைகளை மாற்றிப் பார்த்தார்கள். நூல் போகவில்லை.

அடுத்து அவர்கள் கேட்ட கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது. இந்த முன்முனை பக்கத்து டி.என்.ஏ.வில் ஒட்டவில்லை என்றால், தொலைவில் எங்காவது ஒட்டுமா? ஹெக்ஸானுக்கு வெகு தொலைவு முன்னால் இருக்கும் பகுதிகளையும் கொண்ட நீண்ட, ஒற்றை இழை டி.என்.ஏ. துண்டை எடுத்துத் தூதோடு சேரவிட்டார்கள். இந்த முறை படத்தில் மூன்று டி.என்.ஏ. வளையங்கள் தொங்கின. தூதின் அந்தச் சிறு முன்முனை, மூன்று துணுக்குகளாக, வைரஸ் டி.என்.ஏ.வின் நீளத்தை நூறாகக் கொண்டால் ஏறத்தாழ 17, 20, 27 ஆகிய இடங்களில் போய் ஒட்டியிருந்தது. ஹெக்ஸானின் உடல் தொடங்குவதோ 52-இல். இடையில் இருந்த ஆயிரக்கணக்கான எழுத்துகள் தூதில் இல்லவே இல்லை. அவைதான் வளையமாகத் தொங்கின.

தமிழில் இதற்கு நம்மிடம் ஒரு நல்ல சொல் ஏற்கெனவே இருக்கிறது: இடைச்செருகல். பழைய ஏடுகளைப் பதிப்பித்தவர்கள் ஒரு சுவடியை இன்னொரு சுவடியோடு ஒப்பிட்டு, ஒன்றில் இருந்து மற்றொன்றில் இல்லாத பாட்டைக் குறித்துவைத்தார்கள் அல்லவா, ஷார்ப் குழு செய்ததும் அப்படியொரு ஒப்பீடுதான். மூல ஏடு டி.என்.ஏ.; படியெடுத்த ஏடு தூது ஆர்.என்.ஏ. இரண்டையும் வரிக்கு வரி பொருத்தியபோது பொருந்தாத பகுதி வெளியே துருத்திக்கொண்டு நின்றது. ஒரு வேறுபாடு உண்டு. ஏட்டில் இடைச்செருகல் என்பது பின்னால் யாரோ செய்த குற்றம். மரபணுவில் அது மூலத்திலேயே இருக்கிறது. நம் செல், மரபணு முழுவதையும் படியெடுத்துவிட்டு, பிறகு இடைச்செருகலை வெட்டி எறிந்து மீதியை ஒட்டுகிறது. இப்படி இடைச்செருகலால் துண்டுபட்டுக் கிடப்பதுதான் ‘பிளவுபட்ட மரபணு’. 1978-இல் வால்டர் கில்பர்ட் வெட்டப்படும் பகுதிக்கு ‘இன்ட்ரான்’ என்றும் தங்கும் பகுதிக்கு ‘எக்ஸான்’ என்றும் பெயர் வைத்தார். வெட்டி ஒட்டும் வேலைக்கு ‘ஸ்பிளைசிங்’ என்று பெயர்.

எம்.ஐ.டி. கட்டுரை 1977 ஆகஸ்டில் வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் குழுவின் கட்டுரை வந்தது. அவர்கள் வேறு வாசல் வழியாக நுழைந்தவர்கள். அங்கே ராபர்ட்ஸும் ரிச்சர்ட் ஜெலினாஸும், அடினோவைரஸின் பிற்கால தூதுகள் எல்லாமே ஒரே மாதிரியான 11 எழுத்துகளோடு தொடங்குவதைக் கண்டு திகைத்திருந்தார்கள். வெவ்வேறு இடங்களில் இருக்கும் மரபணுக்கள் எல்லாவற்றுக்கும் ஒரே தொடக்கம் எப்படி வரும்? லூயிஸ் சோவும் தாமஸ் புரோக்கரும் நுண்ணோக்கியில் விடையைக் காட்டினார்கள். அவர்களுடைய கட்டுரைத் தலைப்பிலேயே ‘வியப்பூட்டும்’ என்ற சொல் இருக்கிறது. அறிவியல் இதழ்கள் அப்படிப்பட்ட சொல்லைத் தலைப்பில் அனுமதிப்பது அபூர்வம்.

நோபல் பரிசை ஒரு துறையில் மூன்று பேர் வரை பகிர்ந்துகொள்ளலாம். 1993-இல் அதை இருவருக்கு மட்டுமே கொடுத்தார்கள். லூயிஸ் சோவின் பெயர் விடுபட்டதைப் பற்றி அப்போதே பலர் முணுமுணுத்தார்கள். எனக்கும் அதே எண்ணம்தான். கண்ணால் பார்த்துத் தீர்ந்த கண்டுபிடிப்பு இது. நுண்ணோக்கியின் முன்னால் உட்கார்ந்திருந்தவர்களில் பெர்கெட், மூர், சோ மூவருமே பெண்கள். மூன்றாவது நாற்காலி காலியாகவே கிடந்தது. ஷார்ப்பின் தகுதியை இது குறைக்காது; ஆனால் பாடப்புத்தகத்தின் அந்த ஒற்றை வரியை இரண்டு வரியாக்கினால் குடி முழுகிப்போய்விடாது.

தற்செயலா என்ற கேள்விக்கு விடை இந்தக் கதையிலேயே இருக்கிறது. ஒரே வைரஸை வைத்து இரண்டு ஆய்வகங்கள் ஒரே ஆண்டில் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தன. ஆர்.என்.ஏ. கண்ணி முறை நடைமுறைக்கு வந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. அதாவது கருவி கைக்கு வந்தவுடன் உண்மை அகப்பட்டுவிட்டது. தேடியது வரைபடம், கிடைத்தது வேறு என்ற அளவில் தற்செயல் என்று வேண்டுமானால் சொல்லலாம். அந்தரத்தில் ஆடிய நூலைப் பிழை என்று ஒதுக்காமல் மாதக்கணக்கில் துரத்தியது தற்செயல் அல்ல.

நம் மரபணுவுக்கு இது பொருந்துமா? 1977-இல் நேர்மையான சந்தேகம் அது. இடநெருக்கடி உள்ள வைரஸ் செய்யும் சிக்கன வித்தை என்று வாதிட வழி இருந்தது. அடினோவைரஸ் ஒரே தொடக்கப் புள்ளியில் இருந்து மிக நீளமான ஒரு படியை எடுத்து, அதை வெவ்வேறு விதமாக வெட்டி ஒட்டிப் பல தூதுகளை உண்டாக்குகிறது. சிறிய வீட்டில் ஒரே அறை படுக்கையறையாகவும் சாப்பாட்டு அறையாகவும் மாறுவது போல. ஆனால் சில மாதங்களுக்குள்ளேயே முயலிலும் எலியிலும் ஹீமோகுளோபினின் மரபணு, கோழியின் முட்டைவெண்கருப் புரத மரபணு, நோய் எதிர்ப்புப் புரத மரபணு என்று வரிசையாக இடைச்செருகல்கள் வெளிப்பட்டன. விந்தை வைரஸுக்கு உரியது அல்ல, காக்கைக்கு உரியது என்று தெரிந்துபோயிற்று. புரதம் தயாரிக்கும் மனித மரபணுக்கள் ஏறத்தாழ 20,000. அவற்றில் மிகப் பெரும்பாலானவை பிளவுபட்டவை. தசைச்சிதைவு நோயோடு தொடர்புடைய டிஸ்ட்ரோஃபின் மரபணு 20 லட்சம் எழுத்துகளுக்கும் மேல் நீளமானது. அதில் கடைசியில் மிஞ்சும் தூது சுமார் 14,000 எழுத்துகள், 79 துண்டுகளின் ஒட்டுவேலை. அந்த மரபணுவை ஒரு முறை படியெடுக்கவே ஏறத்தாழ 16 மணி நேரம் ஆகும். அதில் பெரும்பகுதியை உடனே குப்பையில் போடுவதற்கு இவ்வளவு உழைப்பு.

ஒரே படியை வெவ்வேறு விதமாக வெட்டலாம் என்ற வைரஸின் சூழ்ச்சியும் நம்மிடம் உண்டு. பல எக்ஸான்கள் கொண்ட மனித மரபணுக்களில் 90 விழுக்காட்டுக்கு மேல் இப்படி ஒன்றுக்கு மேற்பட்ட தூதுகளைத் தருகின்றன.

ஷார்ப் நோபலுக்குரிய அந்த ஓராண்டோடு நின்றுவிடவில்லை. அவருடைய ஆய்வகம் அதே அடினோவைரஸை வைத்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனது: படியெடுத்தல் எப்படித் தொடங்குகிறது? இதைச் செல்லுக்கு வெளியே, சோதனைக்குழாயில் செய்துகாட்டினால்தான் ஒவ்வொரு பாகத்தையும் கழற்றிப் பார்க்க முடியும். 1979-இல் ராபர்ட் ரோடரின் குழு முதலில் இதைச் சாதித்தது. 1980-இல் ஷார்ப் ஆய்வகம் செல்லை அரைத்து எடுத்த சாற்றைக் கொண்டே அதைச் செய்யும் முறையை வெளியிட்டது. இரண்டு இடத்திலும் பயன்பட்டது அடினோவைரஸின் அந்த ஒரே வலுவான தொடக்கப் புள்ளிதான். 1980 கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவர் ஆண்ட்ரூ ஃபயர் என்ற ஆராய்ச்சி மாணவர். பின்னாளில், ஆர்.என்.ஏ.வைக் கொண்டே ஒரு மரபணுவை அடக்கும் ‘ஆர்.என்.ஏ. குறுக்கீட்டை’க் கண்டறிந்ததற்காக 2006-இல் நோபல் பெற்றவர் அவரே. 1989-இல் ஸ்டீபன் புராடோவ்ஸ்கி முதலியோர் ஷார்ப்புடன் சேர்ந்து, பாலிமரேஸ் வந்து அமர்வதற்கு முன்னும் பின்னும் துணைப் புரதங்கள் எந்த வரிசையில் வந்து சேர்கின்றன என்று படிப்படியாகக் காட்டினார்கள். இன்று எந்தப் பாடப்புத்தகத்திலும் உள்ள அந்த வரிசைப் படத்துக்கு ஒரு சளி வைரஸின் சில டஜன் எழுத்துகள்தான் மேடை.

எச்.ஐ.வி. வந்தபோது கேள்வி இன்னும் நுட்பமாயிற்று. எச்.ஐ.வி.யின் மரபணுக்களை நம் பாலிமரேஸ் படியெடுக்கத் தொடங்கும், ஆனால் சிறிது தூரம் போனதும் பாதியில் விட்டுவிடும். ‘டாட்’ என்ற வைரஸ் புரதம், புதிதாக உருவான ஆர்.என்.ஏ.வின் நுனியைப் பிடித்துக்கொண்டு, பாலிமரேஸை மேற்கொண்டு ஓட வைக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் ஷார்ப் ஆய்வகம் இதைச் சோதனைக்குழாயில் ஆராய்ந்தது. மரபணுவை இயக்குவது என்றால் தொடங்கி வைப்பது மட்டும்தான் என்ற எண்ணம் இத்தகைய ஆய்வுகளால் தளர்ந்தது. தொடங்கிய பாலிமரேஸ் சற்றுத் தள்ளி நின்று அனுமதிக்காகக் காத்திருப்பது நம் சொந்த மரபணுக்களிலும் பரவலாக நடப்பதுதான் என்பது பிறகு உறுதியானது. மறுபடியும் குயில் முட்டை.

வெட்டி ஒட்டும் வேலை எப்படி நடக்கிறது என்பதும் வைரஸ் வழியாகவே தெரிந்தது. 1984-இல் ஷார்ப் ஆய்வகம் அடினோவைரஸ் துணுக்கைக் கொண்டு, வெட்டப்படும் இன்ட்ரான் நேர்க்கோடாக வெளியேறுவதில்லை, தன் முன்முனையைத் தன் உடலிலேயே முடிச்சுப் போட்டுக்கொண்டு சுருக்குக் கயிறு வடிவத்தில் வெளியேறுகிறது என்று காட்டியது. அதே காலத்தில் ஹீமோகுளோபின் மரபணுவை வைத்து இன்னொரு குழுவும் இதையே கண்டது. பெரும்பாலான இன்ட்ரான்களின் டி.என்.ஏ. ‘ஜி.டி.’ என்ற இரண்டு எழுத்தில் தொடங்கி ‘ஏ.ஜி.’யில் முடியும். அந்தத் தொடக்க அடையாளத்தை ஒட்டியிருக்கும் எழுத்துகளும் முக்கியம். வெட்ட வேண்டிய இடத்தைச் செல் இவற்றை வைத்தே அடையாளம் காண்கிறது.

இது நம் வீட்டுக்கு எவ்வளவு அருகில் வருகிறது என்று சொல்லி முடிக்கிறேன். பீட்டா தலசீமியா என்ற ரத்தக் குறைபாட்டுக்கு இந்தியாவில் மிகப் பரவலாகக் காணப்படும் மரபணு மாற்றம், புரதத்துக்கான எழுத்துகளில் இல்லை. பீட்டா குளோபின் மரபணுவின் முதல் இன்ட்ரானில் ஐந்தாவது எழுத்தில் இருக்கிறது. அங்கே ‘ஜி’ இருக்க வேண்டிய இடத்தில் ‘சி’ இருக்கிறது. வெட்டி எறியப்படப்போகிற பகுதியில் ஒரே ஒரு எழுத்துப் பிழை. அதனால் செல்லுக்கு வெட்டும் இடம் குழம்பிப்போகிறது. பக்கத்தில் தவறான இடங்களில் வெட்டி ஒட்டுகிறது. சரியான குளோபின் தூது மிகக் குறைவாகவே உருவாகிறது. தாய், தந்தை இருவரிடம் இருந்தும் இத்தகைய பிழையைப் பெற்ற குழந்தைக்குச் சில வாரங்களுக்கு ஒரு முறை ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும். ஒருவரிடம் இருந்து மட்டும் பெற்றவருக்குப் பெரிய தொந்தரவு எதுவும் தெரியாது. ஹீமோகுளோபின் ஏ-2 அளவைக் காட்டும் ரத்தப் பரிசோதனையில்தான் தெரியவரும். திருமணத்துக்கு முன்போ, கர்ப்பத்தின் தொடக்கத்திலோ இந்தப் பரிசோதனையை மருத்துவர்கள் செய்துகொள்ளச் சொல்வது இதற்காகத்தான்.